கோப்பு வந்து சேருவதற்கு முன்

ஜெரோம்,

போன ஞாயிற்றுக்கிழமை என் குசினி மேசையில் நீ வைத்துவிட்டுப் போன படிவத்தில் ஏறக்குறைய எல்லாம் நிரப்பிவிட்டேன். பெயர், பிறந்த திகதி, பதினொரு இலக்க அடையாள நம்பர், இந்த ரொம்மன் வீட்டு விலாசம், வடக்கே அந்த மீன் ஊரில் எத்தனை வருடம் இருந்தோம் என்பது வரை எழுதியாயிற்று. ஒரு பெட்டி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. தகவல் கசிந்ததால் உங்களுக்கு என்ன பாதிப்பு ஏற்பட்டது என்று சுருக்கமாக எழுதச் சொல்கிற பெட்டி. "ரெண்டு வரி காணும் அம்மா. தமிழிலை எழுதுங்கோ, நான் அவங்கடை நொஷ்க் பாஷையிலை மாத்திப் போடுறன்" என்று சொல்லி, நின்ற நிலையிலேயே தேநீரைக் குடித்துவிட்டு, திராமன் போகிற றெயில் போய்விடும் என்று ஓடினாய். அந்த இரண்டு வரிக்காக நான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது இத்தனை தாளாகிவிட்டது. பொறுமையாக வாசி. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. மண்டபக்காரரும் சாப்பாட்டுக்காரரும் ஒரு மணித்தியாலம் உன் பதிலுக்குக் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தகவல் கசிந்துவிட்டது என்று கடிதம் வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பிழைகளில் சின்னது அங்கேதான் இருக்கிறது. என் பெயருக்கு வந்த அந்தக் கடிதத்தை நான் திறக்கவில்லை. நீ திறந்தாய். இந்த நாட்டில் அலுவலகங்கள் எழுதுகிற கடிதம் எதுவும் இப்போது வாசல் பெட்டிக்கு வருவதில்லை. கைத்தொலைபேசிக்குள் இருக்கிற ஒரு பெட்டிக்கு வருகிறது, அதைத் திறக்க வங்கி தந்த கோட் நம்பர் வேண்டும், கடவுச்சொல் வேண்டும். என் வயதுத் தமிழ்ச் சனம் என்ன செய்தோம்? இரண்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவிட்டு, "இந்தா, நீயே பார்" என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். வேறு ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்று வங்கியில் சொன்னால், பிள்ளை என்ன வேறு ஆளா என்று கேட்போம். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து என் வரிப் படிவத்தை நீதான் பார்த்தாய். என் சம்பளத் துண்டை நீதான் பார்த்தாய். மார்புப் பரிசோதனைக்கு வரச் சொல்லி வந்த அழைப்பைக்கூட நீதான் முதலில் வாசித்தாய். காது சிவந்து போய், "அம்மா, உங்களுக்கு வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு இடத்துக்குப் போகவேணும்" என்று மட்டும் சொன்னாய். எந்த இடம் என்று நான் கேட்டுக் கேட்டு உன்னைச் சாகடித்தது நினைவிருக்கிறதா? அப்போது சிரிப்பாக இருந்தது. என் வாழ்க்கையின் கதவுத் திறப்புக் கோர்வை முழுவதும் உன் கையில் இருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நீ எனக்குத் தொலைபேசி எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமை நான் முதியோர் இல்லச் சமையலறையில் மீன் சூப் கிண்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, பயப்பிடாதேங்கோ" என்று தொடங்கினாய். அப்படித் தொடங்கினால் யாருக்குப் பயம் வராது? "நாங்கள் முந்தி வடக்கை இருந்த கொமூன், அந்த ஊர்ச்சபை இருக்கெல்லே, அவங்கடை கணினிக்குள்ளை ஆரோ பூந்திட்டாங்கள். பழைய கோப்பெல்லாம் எடுத்து இணையத்திலை போட்டிருக்கிறாங்களாம். சுகாதாரம், பள்ளிக்கூடம், பார்னவேர்ன். எங்கடை பேரும் இருக்காம்."

"பார்னவேர்னோ?" என்று கேட்டேன். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற அந்த அலுவலகத்தின் பெயரைக் கேட்டாலே எங்கள் சனம் குரலைத் தாழ்த்தும்.

"ஓம். எங்களுக்கும் அவங்களுக்கும் என்ன அலுவல்? பிழையாப் போட்டிருப்பாங்கள். நான் பாக்கிறன், நீங்கள் யோசிக்காதேங்கோ."

நான் யோசிக்கவில்லை. உண்மையாகவே எனக்கு ஒன்றும் வரவில்லை. சூப்பில் கிறீம் ஊற்றினேன், உப்புப் பார்த்தேன், மூன்றாம் மாடிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பல் இல்லாத ஒரு கிழவருக்கு மீனை மசித்துக் கொடுத்தேன். மீன் தொழிற்சாலையில் ஐஸ் தண்ணீருக்குள் கை வைத்து வேலை செய்த காலத்தில் கத்தி வெட்டினால் தெரியாது. வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் கழுவும்போதுதான் விரலில் வெட்டு இருப்பது தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் இன்னும் சுடுதண்ணீர் படவில்லை. இந்தக் கடிதம் ஒரு அலுவலகக் கிளாக்கர் எழுதியதுபோல இருந்தால் என்னைக் கோபிக்காதே.

பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். அச்சகத்திலிருந்து வந்த கல்யாணக் கார்ட் மாதிரியையும் கொண்டு வந்தாய். அந்த உறையின் பின்பக்கத்தில் கோடு கீறித்தான் எனக்குச் சட்டம் படிப்பித்தாய். தகவல் பாதுகாப்பை மேற்பார்வை செய்கிற அரசாங்க அலுவலகத்துக்கு முறையிடலாம், அதற்குச் செலவில்லை என்றாய். "அவங்கள் விசாரிச்சு, பிழை எண்டு கண்டால் கொமூனுக்குக் குற்றப்பணம் போடுவாங்கள்."

"அந்தக் காசு ஆருக்குப் போகும்?"

"அரசாங்கத்துக்கு."

"அப்ப ஒரு பொக்கற்றிலை எடுத்து மற்றப் பொக்கற்றிலை வைக்கிறாங்கள். எங்களுக்கு?"

நீ சிரித்தாய். எங்களுக்கு வேண்டுமென்றால் நாங்கள்தான் கொமூனிடம் இழப்பீடு கேட்க வேண்டும், அவர்கள் மறுத்தால் நீதிமன்றம் போக வேண்டும் என்றாய். "காசு நட்டம் வந்தால்தான் எண்டில்லை, மனம் பட்ட பாட்டுக்கும் கேக்கலாம் அம்மா, சட்டத்திலை இடமிருக்கு. ஆனா சும்மா துக்கமா இருந்தது எண்டு சொல்லிக் காணாது. என்ன நடந்தது, அது இந்தக் கசிவாலைதான் நடந்தது எண்டு காட்டவேணும்." தனியாகப் போய்த் தோற்றால் மற்றப் பக்கத்துச் செலவும் எங்கள் தலையில் விழலாம், அதனால்தான் ஒரு பெண் சட்டத்தரணி பாதிக்கப்பட்ட எல்லாரையும் ஒரே வழக்காகச் சேர்க்கிறார், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கச் செலவில் உதவி கிடைக்குமா என்றும் அவரே பார்த்துச் சொல்வார் என்றாய். சட்டப்படி மூன்று வருடம் வரை நேரம் இருக்கிறதாம், ஆனால் அந்தச் சட்டத்தரணிக்குப் படிவம் இந்த வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். என் பெயரில் யாரும் கடன் எடுக்காமல் இருக்க அந்த வழியையும் பூட்டி வைத்துவிட்டாயாம். எல்லாம் நல்ல ஒழுங்கு. நீ மின்சார வேலைக்காரன், எந்த வயர் எங்கே போகிறது என்று பார்க்காமல் சுவரில் கை வைக்க மாட்டாய். உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு சொன்னாய்: "எல்லாத்துக்கும் முதல் என்ன போச்சுது எண்டு எங்களுக்குத் தெரியவேணும் அம்மா. எங்களைப் பற்றி வைச்சிருக்கிற எல்லாத்தையும் தாங்கோ எண்டு கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு. ஒரு மாசத்துக்குள்ளை தரவேணும்."

"கேக்கப் போறியோ?"

"கேட்டிட்டன். உங்கடையும் என்ரையும். செவ்வாய்க்கிழமையே அவரவர் பெட்டிக்குள்ளாலை அனுப்பிட்டன்."

நான் எழும்பிப் போய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பைகள். நீ கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வங்கிக்குப் போனேன். கடவுச்சீட்டைக் காட்டி என் கடவுச்சொல்லை மாற்றினேன். அங்கிருந்த பெடியன், யாராவது உங்கள் கோட்டைக் களவாகப் பாவிக்கிறார்களா என்று கேட்டான். இல்லை என்றேன். அன்றைக்குப் பின்னேரமே நீ தொலைபேசி எடுத்தாய், "அம்மா, உங்கடை கோட் வேலை செய்யேல்லை." "தெரியாதப்பன், போன் பழசு" என்று பொய் சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் மண்டையில் ஏறியது. அந்தக் கோப்பில் இருக்கிற பிள்ளை நீ. உன் பிரதி உன் பெட்டிக்கு வரும். நான் பூட்டிய கதவால் வர வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

அடுத்த நாள் கடிதத்தில் போட்டிருந்த உதவி இலக்கத்துக்கு நானே எடுத்தேன். உன்னுடைய அம்மா தனியாக ஒரு அலுவலகத்துடன் நொஷ்க்கில் கதைத்தது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எனக்கே தெரியாது. பழைய தாள்களில் சிலவற்றை அழிக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, ஆவணச் சட்டப்படி வைத்திருக்க வேண்டும் என்றார்கள். மகனுக்குக் கொடுக்காமல் விட முடியுமா என்று கேட்டேன். அவன் அப்போது பிள்ளை, இப்போது பெரிய ஆள், அவனைப் பற்றிய கோப்பைக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு என்றார்கள். அந்தப் பெண் மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தாள். கடைசியில், "உங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் எடுத்துத் தரவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேள். பார்னவேர்ன் பிழையாக எதையும் போடவில்லை.

நீ பிறந்து பத்துக் கிழமை. மாரி, பனிக்காலம். அந்த ஊரில் அந்த மாதங்களில் சூரியன் வருவதே இல்லை. அப்பா தொழிற்சாலையில் இரண்டு வேலைமுறை செய்தார். வரும்போதும் போகும்போதும் ஒரே இருட்டு. எங்களைத் தவிர அங்கே இரண்டு தமிழ்க் குடும்பம், இரண்டிலும் பெண்கள் எங்களோடு கதைக்காதவர்கள். மன்னாரில் இருந்த என் அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் போய்ச் சேர இரண்டு மாதம், சேர்ந்தால். நீ அழுவாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன், திருப்பிப் படுக்க வைப்பேன். தொழிற்சாலையில் மீன்பெட்டி வந்தால் எடுத்து வைப்பதுபோல எல்லாம் செய்வேன். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கவில்லை. பாசமும் இருக்கவில்லை. இரண்டில் ஒன்று இருந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். ஒரு நாள் உன்னைக் குளிக்க வார்க்கும்போது, கையை விட்டால் என்ன என்று நினைத்தேன். விடவில்லை. ஆனால் நினைத்தபோது என் நெஞ்சு பதறவில்லை, அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

மாதாந்தம் உன்னை நிறுக்கிற சுகாதார நிலையத்துக்கு உன்னைக் கொண்டு போனேன். அப்பா வெளியே பனியில் பிள்ளை வண்டிலோடு நின்றார். தாதி மேசை நடுவில் தொலைபேசியை வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். மொழிபெயர்க்க ஒஸ்லோவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் குரல். முகம் இல்லை, பெயரும் சொல்லவில்லை, எங்கள் பக்கத்துத் தமிழ். பிள்ளை எப்படி இருக்கிறது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தாதி வழமைபோலக் கேட்டாள். முந்திய தடவைகளில் எல்லாம் "நல்லம்" என்று சொன்னவள், அன்றைக்கு அந்தக் கறுத்தப் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்: "இந்தப் பிள்ளை எனக்கு வேண்டாம். ஆராவது கொண்டு போங்கோ. நான் வைச்சிருந்தால் இவனுக்கு ஏதேன் நடந்திடும்."

தொலைபேசியில் சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று தாதி நினைத்து அதைத் தட்டினாள். அப்போது அந்தக் குரல், நொஷ்க்கில் இல்லை, என்னிடம் மட்டும் கேட்டது. "அக்கா, நீங்கள் சொன்னதை நான் அப்பிடியே சொல்லவேணும். சொல்லவோ?"

"சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னாள். தாதி எழுதினாள். அந்தத் தாள்தான் ஜெரோம், இப்போது உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கக்கூடிய இடத்தில் கிடக்கிறது. முன்பின் தெரியாதவன் வாசிக்கலாம், நீ மட்டும் வாசிக்கக் கூடாது என்று நான் வங்கிக்கு ஓடியது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தெரிகிறது. இந்தக் கடிதம் வேறு யார் கையில் போனாலும் இனி எனக்கு ஒன்றுமில்லை. இதேபோல் ஒரு அறிவித்தல் வந்து, பிள்ளையிடம் கோட்டைக் கொடுத்துவிட்டு முழிசிக்கொண்டிருக்கிற வேறு ஒரு தாய் வாசித்தால் வாசிக்கட்டும்.

அதன் பிறகு நடந்தது உனக்குப் பாதி தெரியும், ஆனால் பொய்யாகத் தெரியும். சொல்வை என்கிற அந்த வெள்ளைக்காரியைச் சம்பளத்துக்குப் பிள்ளை பார்த்த மனிசி என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதால் கொண்டு போய் விட்டோம் என்றோம். அந்த வருடம் நான் ஒரு நாளும் வேலைக்குப் போகவில்லை. பார்னவேர்ன்தான் உன்னை அவளிடம் விட்டது, என் சம்மதத்தோடு. கிழமையில் நாலு நாள், இரவும் அங்கேதான். பதினாறு மாதம். என் உடம்பு பெலவீனம் என்று அப்பாவிடம் சொன்னேன், அவரும் கையெழுத்து வைத்தார். ஐந்து வருடத்துக்கு முன் சாகும்வரை அவர் அதை நம்பினாரா, நம்பியதுபோல இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. மன்னாருக்கு, "வெள்ளைக்காரி ஒருத்தி பிள்ளை பாக்கிறா" என்று பெருமையாக எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் கோப்பில் இருக்கும், சொல்வை மாதாந்தம் அறிக்கை கொடுப்பாள். உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், குசினி வாசலிலிருந்து என்னிடம் நாலு அடி நடந்து வந்தாய், நான் கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டுப் பிடித்தேன் என்று கதை சொல்லுவேன் அல்லவா? நீ கட்டப்போகிற நிரோஜாவுக்கும் சொன்னேன், அவள் கண் கலங்கினாள். அது நடக்கவில்லை. நீ நடந்தது சொல்வையின் வீட்டில். ஒரு வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிவரப் போனபோது அவள் ஓடி வந்து, உன்னை நிலத்தில் நிறுத்தி, காட்டினாள். நீ அவளிடம் நடந்தாய். நான் "ஃபீன்த்" என்றேன். நல்லம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல் அது. கரண்டியை அந்தக் கதைக்குள் நான் பிறகு சேர்த்தேன். பொய்க்குக் கரண்டி எதற்கு என்று கேட்டால், ஒரு சாமான் இருந்தால் சனம் நம்பும்.

எப்படி மாறினேன் என்று கேட்பாய். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவர் குளிசை தந்தார், விழுங்கினேன். வெளிச்சம் திரும்பி வந்தது, போனது, திரும்ப வந்தது. ஒரு நாள் உன் சப்பாத்தைக் கழற்றினேன். இடது காலின் சின்ன விரல் இடுக்கில் காலுறையின் பஞ்சு சிக்கியிருந்தது. அதை எடுத்தேன். எடுக்கும்போதுதான், உன் கால்விரல்களை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. மற்றக் காலையும் கழற்றிப் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லி உன் காலுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டேன், நீ சினந்து கத்தினாய். அந்த மாதக் கடைசியில், இனி எல்லா நாளும் பிள்ளை என்னிடம் இருக்கட்டும் என்று நானே அவர்களிடம் சொன்னேன். அதையும் ஒரு தாளில் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளும் களவு போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. கோவிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட, வருடத்துக்கு இரண்டு தடவை முழந்தாளில் நின்று, பொறாமைப்பட்டேன், கோபப்பட்டேன் என்று சில்லறைகளைச் சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கிறேன். உலகத்தில் என் வாயால் சொல்லக் கேட்டது அந்த மொழிபெயர்ப்பாளர் பெண் ஒருத்திதான். அவளையும் ஒருமுறை கண்டேன். உனக்குப் பதினெட்டு வயதிருக்கும், லோறென்ஸ்கூக்கில் ஒரு வீட்டில் பிள்ளையின் முதல்நன்மைக் கொண்டாட்டம். உதவிக்கு நின்ற ஒரு பெண் எனக்குப் பின்னால் வந்து, "அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடவோ?" என்று கேட்டாள். எனக்குக் கை நின்றுவிட்டது. பதினெட்டு வருடம் கழித்தும் அந்த "வோ" அப்படியே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். என் குரலைக் கேட்டால் அவளுக்கும் பிடிபடும் என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினேன். அவள் ஒரு கரண்டி போட்டாள், உன் பக்கம் பார்த்தாள். "மகனோ?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "நல்லா வளந்திட்டார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அவள் தன் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். எங்கள் சனம் எவ்வளவு வாய்க்காரர் என்று உனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அடுத்த கிழமையே எனக்குத் திரும்பி வந்திருக்கும். ஒரு பெண் தன் தொண்டைக்குள் வைத்துக் காத்ததை, அத்தனை கோட்டும் கடவுச்சொல்லும் வைத்திருந்த அலுவலகத்தால் காக்க முடியவில்லை.

கோபம் வர வேண்டும் என்று நினைக்கிறேன். வரும், பிந்தி வரும். அதற்கு முன் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கும் நிரோஜாவுக்கும் பிள்ளை பிறந்தால், அவள் ஒரு நாள் உன்னிடம் இப்படி ஏதாவது சொன்னால், பதறாதே. "எல்லாரும் பெத்து வளக்கேல்லையோ" என்று சொல்லாதே. என்ன சொல்கிறாள் என்று கேள், கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொள், மருத்துவருக்குத் தொலைபேசி எடு. எனக்கு அன்றைக்கு ஒரு முகம் தெரியாத குரல்தான் கிடைத்தது, அவளுக்கு நீ இருக்கிறாய். நான் சொன்ன அந்தச் சொல்லுக்காக வெட்கப்பட்டேன், இன்னும் வெட்கப்படுகிறேன், ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால் நீ இருந்திருப்பாயோ தெரியாது. மற்றது, கல்யாண மண்டபத்தில் சொல்வையைக் கடைசி மேசையில் உன் வேலைத்தள ஆட்களோடு இருத்தியிருக்கிறாய். யார் எங்கே இருப்பது என்று நீ கீறிய வரைபடத்தைப் பார்த்தேன். அவளை எனக்குப் பக்கத்தில் இருத்து. யாராவது யார் இது என்று கேட்டால் நான் பதில் சொல்லுவேன்.

இப்போது வழக்கு. போடு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போடு. உனக்கு நான் கொடுக்கிற அதிகாரப் பத்திரத்திலும் கையெழுத்து வைத்திருக்கிறேன், இந்தத் தாள்களோடு இருக்கிறது. என் புதிய கடவுச்சொல்லை மட்டும் தர மாட்டேன். இனி என் கடிதங்களை நானே திறப்பேன், விளங்காவிட்டால் உன்னைக் கேட்பேன். உன் கோப்பு உன் பெட்டிக்கு வரும்போது நீ தனியாக வாசிப்பதானால் வாசி. என்னோடு இருந்து வாசிப்பதானால் ரொம்மனுக்கு வா, கதிரை இருக்கிறது. என்னோடு கொஞ்ச நாள் கதைக்க விருப்பமில்லை என்றாலும் எனக்கு விளங்கும். அதற்காக நான் சாப்பிடாமல் இருக்க மாட்டேன், நீயும் இருக்காதே.

அந்தப் பெட்டிக்குள் எழுத வேண்டிய இரண்டு வரிக்குத் திரும்ப வருகிறேன். என்ன பாதிப்பு என்று மூன்று நாள் யோசித்தேன். நித்திரை போனதா? இல்லை, நன்றாகத்தான் படுத்தேன். வேலை போனதா? இல்லை. ஊர் சிரித்ததா? இன்னும் இல்லை. அழுதேனா என்று கேட்டால் அதுவும் இல்லை. கடைசியில் எழுதியது இதுதான்:

"என் மகனுக்கு இதைச் சொல்வதா, சொல்லாமலே சாவதா என்பது என் கையில் இருந்தது. இப்போது இல்லை."

இதை நொஷ்க்கில் மாற்றி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. அழகாக்காதே, ஒரு சொல்லும் கூட்டாதே, நான் சொன்னதை அப்படியே சொல். எழுதும்போது உன் கை கொஞ்ச நேரம் நின்றால் நிற்கட்டும். அந்தப் பெண்ணும் நின்றுதான் சொன்னாள்.

அம்மா